வெள்ளிக்கிழமைத் தங்கப் படலம்

நான் முன்கோபக்காரி. ஆராய்ச்சி மாணவியாக இருந்த அந்த நாட்களில் என் கோபம் முழுக்க ஒரே ஆள் மேல்தான்: எங்கள் லேபுக்குத் தண்ணீர் காய்ச்சி வடித்துத் தரும் அண்ணன்.

என் வேலை இதுதான். தங்கத்தை நானோ துகள்களாக்கி, ஒரு சின்னத் தொட்டித் தண்ணீரின் மேல் சொட்டுவேன். தண்ணீர்ப் பரப்பில் அவை ஒற்றை அடுக்காகப் பரவும். இரண்டு பக்கமும் பட்டைகளை நகர்த்தி நெருக்கினால், நெரிசல் பஸ்ஸில் நிற்பவர்கள் மாதிரி தோளோடு தோள் ஒட்டி நிற்கும். வெளிர் ஊதாவாக இருந்தது திடீரென்று பொன்னாக மினுங்கும். அதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் புல்லரிக்கும்!

நெருக்க நெருக்க அழுத்தம் ஏறுவதைக் கம்ப்யூட்டர் கோடாக வரையும். ஒரு நாள் கோடு அழகாக வரும். இன்னொரு நாள், பட்டை நகர ஆரம்பித்ததுமே எகிறும். தண்ணீரில் அழுக்கு என்று நேராகப் போய் என் ஆராய்ச்சி வழிகாட்டி சாரிடம் புகார் சொன்னேன். அந்த அண்ணன் திட்டு வாங்கினார். “மூணு வாட்டி வடிச்ச தண்ணி மேடம் அது,” என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் சாரும் பொறுமை இழந்தார். “வர்ற வெள்ளிக்கெழம வரைக்கும் பாரும்மா. கர்வ் ரிபீட் ஆகலேன்னா கோல்டை விட்டுட்டு வேற டாபிக் எடுத்துக்கோ.” இரண்டு வருட உழைப்பு!

அந்த வெள்ளிக்கிழமை காக்ஸ் டவுன் வீட்டிலிருந்து லேபுக்குப் பஸ்ஸில் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தேன். கெட்டுப்போன நாட்களையெல்லாம் பென்சிலால் சுழித்திருந்தேன். முன் சீட்டிலிருந்து குப்பென்று தேங்காய் எண்ணெய் வாசனை. அங்கிருந்த பெண்களும் என்னை மாதிரியே இன்று தலை முழுகியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. பர்ஸிலிருந்து காலண்டர் அட்டையை எடுத்துத் தேதிகளைப் பார்த்தேன். செவ்வாய். வெள்ளி. வெள்ளி. செவ்வாய். அத்தனையும் எண்ணெய்க் குளியல் நாள்! அம்மா சீயக்காயைக் கிள்ளித்தான் தருவாள். கொஞ்சம் எண்ணெய் தலையில் நிற்க வேண்டும் என்பது அவள் கொள்கை. மிச்சத்தை மறுநாளைக்குள் தலையணை உறை குடித்துவிடும். தொட்டி முன்னால் உட்கார்ந்தால், நெற்றியில் விழும் முடியைக் கையுறை போட்ட கையாலேயே ஒதுக்கிவிட்டு, அதே கையால் தொட்டியைத் தொடுவது என் பழக்கம். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போயிருந்தேன். ஓட்டமாய்த் திரும்பினேன்.

லேபில் கிடந்த பேக்கரி கவர் ஒன்றைத் தலையில் இழுத்துக் கட்டிக்கொண்டேன். தொட்டியைக் கழுவி, புதுக் கையுறை மாட்டி, அந்த அண்ணன் தந்த அதே தண்ணீரை ஊற்றி, தங்கத்தைச் சொட்டினேன். கோடு வழுவழுவென்று ஏறியது. மறுபடி செய்தேன், அதே கோடு. மூன்றாவது தடவையும் அதே கோடு! கவரைக் கழற்றக்கூட மறந்து சாரின் அறைக்கு ஓடினேன்.

“எண்ணெய்தான்னு எப்படிச் சொல்ற?” என்று கேட்டுக்கொண்டே வந்தார் சார். தண்ணீர் அண்ணனும் பின்னால் வந்து நின்றார். பட்டைகளைத் தளர்த்தினேன். தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, நுனியால் தண்ணீரைத் தொட்டேன். தங்கம் அலறியடித்துக்கொண்டு ஓடியது! தொட்ட இடத்தில் வட்டமாக வெறும் தண்ணீர். சார் வாய்விட்டுச் சிரித்தார். “கோல்டை விடாதேம்மா.”

எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அண்ணன் சிரிக்கவில்லை.

“அப்போ என் தண்ணி?”

“உங்க தண்ணி சுத்தம்ணா. என் தலைதான் கெடுத்துச்சு. மன்னிச்சிடுங்க.” வெட்கத்தில் முகம் எரிந்தது.

“நீங்க எங்கிட்ட சொல்லி என்ன மேடம்? சார் சொல்லட்டும்.”

சார் சிரிப்பை நிறுத்தினார். “தண்ணி சுத்தம்ப்பா. திட்டினது என் தப்பு.”

அதற்கப்புறம்தான் அண்ணன் அடுத்த தண்ணீர்க் கேனைக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தார்.