இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள்

வலது காதில் மனிதர்கள், இடது காதில் இயந்திரம். ஒரு கை அழைப்பை எடுக்கும்போதே தலெந்தாவின் இன்னொரு கை விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருக்கும். "அழாதேம்மா, பேரைச் சொல்லு. எந்த வார்டு? இரு, தரேன்." அதற்குள் அடுத்த அழைப்பு. ஸ்ஃபாக்ஸ் நகரின் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் யாரைத் தேடினாலும் முதலில் கேட்பது அவள் குரல்தான். அவளுக்குப் பார்வை இல்லை என்பது அழைப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

இடது காதில் பேசுவது திரைவாசிப்பான். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள். அவள் வைத்திருக்கும் வேகத்தில் அது மற்றவர்களுக்கு ஒரு சொல்கூடப் புரியாது. ஒருமுறை காதில் வைத்துப் பார்த்த செவிலி, "இது பேசுதா, தும்முதா?" என்றாள். திரையைப் பதினோரு வருடமாக அவள் போட்டதே இல்லை. அதன் மூலையில் ரொட்டிப் பை தொங்கும்.

ஆஸ்பத்திரியின் தொலைபேசி மென்பொருளில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பொத்தான். எழுத்து கிடையாது, வெறும் படம். வாசிப்பானும் எல்லாவற்றையும் "படம்" என்றே சொல்லும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அழுத்தி, எடுத்தவரிடம் "நீங்க யாரு?" என்று கேட்டுக் கேட்டு, இருநூற்றுப் பன்னிரண்டுக்கும் வாசிப்பானில் பெயர் வைத்தாள். அவசரப் பிரிவுக்கு 'ஓடு'. பிரசவ வார்டுக்கு 'வாழ்த்துகள்'. இயக்குநர் அறைக்கு 'மூச்சை இழு'. இந்தப் பெயர்களை அவளைத் தவிர யாரும் கேட்டதில்லை.

போன புதன்கிழமை காலை பழைய கணினி போய்ப் புதியது வந்தது. வாசிப்பானும் புதிய பதிப்பு. மதியத்துக்குள் எல்லாம் சரியாக ஓட வேண்டும் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். ஓடாவிட்டால் 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்கிற தானியங்கிக் குரலுக்கு அவள் வேலை; அவளுக்குத் துணிக் கிடங்கில் போர்வை மடிக்கும் வேலை.

கணினிப் பிரிவின் ஷெத்லி பெட்டிகளோடு மூச்சிரைக்க வந்தார். ஓய்வு பெற இன்னும் ஐந்து வருடம் இருந்தது. அவர் எல்லாவற்றையும் மாட்டி முடிக்கும்வரை தலெந்தா காத்திருந்தாள். பிறகு கழுத்துச் சங்கிலியை வெளியே இழுத்தாள். அதில் கண்ணேறு படாமலிருக்க அணியும் வெள்ளி மீனும் ஒரு பென்டிரைவும் தொங்கின. முந்தின நாளே தன் அமைப்புகள் அத்தனையையும் அதில் பிரதி எடுத்திருந்தாள்.

"கொடுங்க லல்லா, நான் ஏத்துறேன்." அந்த ஊரில் பெண்களை மரியாதையாக 'லல்லா' என்பார்கள்; ஆண்கள் பெயருக்கு முன்னால் 'சி' சேர்ப்பார்கள்.

"வேண்டாம். எங்க சொருகணும்னு மட்டும் காட்டுங்க."

புதிய பதிப்பு பழைய அமைப்புகளை ஏற்றுக்கொண்டது. குரலின் வேகம் வந்தது. குறுக்குவிசைகள் வந்தன. அவள் தொலைபேசிப் பொத்தான்களுக்குப் போனாள்.

"படம். படம். படம்."

மறுபடி ஏற்றினாள். "படம்."

"பேரு ஒண்ணும் வரல," என்றாள்.

"பழசு புதுசோட ஒத்துப்போகாது போல," என்றார் ஷெத்லி. "திரும்ப ஒரு தடவை பேர் வெச்சிட்டாப் போச்சு."

"ரெண்டு குளிர்காலம், சி ஷெத்லி. இப்பவே மணி பதினொண்ணு."

கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். கிடங்குப் போர்வைகளின் சோப்பு வாசனை ஒரு நொடி வந்து போனது போலிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் ரொட்டிப் பையை எடுத்து, வழக்கமான மூலையில் மாட்டப் போனாள். மூலை அங்கே இல்லை. விரல்கள் விளிம்போடு நகர்ந்தன. விளிம்பு போய்க்கொண்டே இருந்தது.

"என்ன இது?"

"புதுத் திரை." அவர் குரலில் பெருமை. "கணக்குப் பிரிவுல சண்டை போட்டு உங்களுக்குன்னே வாங்கினேன். இருக்கிறதுலயே பெரிசு. கண்ணுக்குக் குளுமையா..." பாதியில் நின்றுவிட்டார்.

வெளியே நடைபாதையில் ஒரு தள்ளுவண்டி போயிற்று. தலெந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எனக்கு! பெரிய திரை!"

"அல்லா என்னை மன்னிக்கட்டும்," என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "எல்லாருக்கும் மாட்டி மாட்டிப் புத்தி மழுங்கிப் போச்சு."

"இருங்க." அவள் சிரிப்பு நின்றது. "திரை பெரிசானா படமும் பெரிசாயிருக்குமே? நான் பேர் வெச்சது சின்னப் படத்துக்கு. இதெல்லாம் யாருன்னு வாசிப்பானுக்கு எப்படித் தெரியும்? பழைய அளவுக்கே கொண்டு வாங்க."

அவர் எதையோ தட்டினார். "பாதித் திரை கறுப்பாக் கிடக்கு லல்லா. பார்க்கச் சகிக்கல."

"நான் சகிச்சுக்கிறேன்."

அம்புவிசையை அழுத்தினாள். ஓடு. வாழ்த்துகள். மூச்சை இழு. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் இருபதைத் தாண்டிப் போனாள். எல்லாம் வந்திருந்தன.

"வந்துடுச்சா? உங்க காதுலேர்ந்து எனக்குத் தும்மல்தான் கேக்குது."

பதினோரு வருடத்தில் முதல் முறையாகக் குரலின் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்தாள். இடது காதில் இருந்ததைக் கழற்றி நீட்டினாள். ஷெத்லி குனிந்து கேட்டார். 'ஓடு'வுக்குத் தலையாட்டினார். 'மூச்சை இழு'வுக்கு அவர் தொந்தி குலுங்கியது.

"எங்க பிரிவு எங்க இருக்கு?"

தலெந்தா தயங்கினாள். பிறகு அழுத்தினாள்.

"தூங்குகிறார்கள்," என்றது வாசிப்பான், மிக நிதானமாக.

"நாங்களா?"

அவள் ரொட்டிப் பையைப் புதிய மூலையில் மாட்டினாள். "ஷெத்லின்னு போட்டாப் போதுமா, சி ஷெத்லின்னே போடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே, அந்தப் பெயரைக் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தாள்.