ஸ்பீக்கர் பெட்டிக்கு ஏற்ற வண்டி

ஒரத்தநாடு பக்கம் விவசாயம் பார்க்கிறவன் நான். கல்லூரியில் படிக்கும் என் மகள், விடுமுறை நாட்களில் கோயில் விழாக்களுக்கு மைக் செட் போடுகிறாள். அவளுக்கு வண்டி வாங்க இருவரும் தஞ்சாவூர் போனோம். கடையில் ஒரு சிவப்பு ஸ்கூட்டரைப் பார்த்ததுமே நான் முடிவு செய்துவிட்டேன்.

அவளோ, பஸ்ஸில் ஏற்றி வந்திருந்த ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி அந்த ஸ்கூட்டரில் கால் வைக்கும் தளத்தின் மேல் வைத்தாள். அதன்பின் கால் வைக்க இடமில்லை. பிறகு பக்கத்திலிருந்த மொபெட்டில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

“புல்லுக்கட்டு ஏத்துற வண்டிம்மா இது. காலேஜுக்கு இதுலயா போவ?” என்றேன்.

“பழைய டிராக்டர் வாங்குனப்ப, நம்ம வயல் சேத்துல இறக்கி ஓட்டிப் பாத்துட்டுத்தானப்பா வாங்குனீங்க? அப்ப கலரா பாத்தீங்க?”

கடைக்காரர் சிரித்துவிட்டார். மொபெட்டுக்கே பணம் கட்டினோம்.

வண்டியை எடுக்க மறுபடி தஞ்சாவூர் போன அன்று எங்கள் ஊர்க் கோயிலில் விழா. அங்கே பழுதுபார்க்கக் கொடுத்திருந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் முன்னும் பின்னும் வைத்துக் கட்டினாள். எனக்கு இடமில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். ஊரில் இறங்கும்போதே கோயில் பக்கமிருந்து பாட்டு கேட்டது.

இப்போது யாராவது அந்த வண்டியைப் புகழ்ந்தால், நான் பார்த்து வாங்கிக் கொடுத்தது என்றுதான் சொல்கிறேன். அவளும் மறுப்பதில்லை.