முப்பத்திரண்டா, முப்பத்துமூன்றா

அவர் பெயர் கதிர் இல்லை. பல்கலைக்கழக ஆய்வகங்களுக்குக் கதிரியக்கப் பொருள் வாங்கித் தருவது அவர் வேலை என்பதால், யாரோ ஒரு குறும்புக்காரர் வைத்த பெயர் கதிரண்ணன். பத்தொன்பது வருடத்தில் அது நன்றாக ஒட்டிக்கொண்டது. நான் பக்கத்து மேசைக்காரி. நாற்காலி, கண்ணாடிக் குடுவை, கழிவறைக் காகிதம் எல்லாம் என் பொறுப்பு. நான் தப்பு செய்தால் ஒரு வகுப்பு நின்றுகொண்டே பாடம் கேட்கும், அவ்வளவுதான்.

அவர் என்ன வேலை செய்கிறார் என்று தெரிந்ததும் ஜனங்கள் ஓரடி தள்ளி நிற்பார்கள். இருட்டில் மின்னுவீர்களா என்று கேட்ட உறவுக்காரர்கூட உண்டு. உண்மையில் அந்த மனிதர் அந்தச் சாமானைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. வருகிற பெட்டி நேராகப் பாதுகாப்பு அறைக்குப் போய்விடும். அங்கே அளந்து, துடைத்துச் சோதித்து, அப்புறம்தான் ஆய்வகத்துக்குக் கொடுப்பார்கள். கதிரண்ணன் கையில் இருப்பது படிவமும் தொலைபேசியும் நீல அட்டை நோட்டும்தான்.

அந்த நோட்டுக்கு ஒரு மரியாதை இருந்தது. படிவத்தில் எழுதியிருப்பதை மட்டும் நம்பி அவர் எதையும் வாங்க மாட்டார். ஆய்வகத்துக்குப் போன் போட்டு, என்ன பொருள், எத்தனை என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பார். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்பார். பிறகு தானும் ஒருமுறை சொல்லிவிட்டு, நோட்டில் பச்சை மையில் ஒரு டிக் அடிப்பார். பெரிய பெரிய பேராசிரியர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இரண்டு தடவை ஒப்பிப்பார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் பத்தொன்பது வருடத்தில் ஒரு பெட்டிகூடத் தப்பாக வந்ததில்லை.

"முன்னாடியே நாலு பெட்டி வாங்கி வெச்சுக்கலாமே, அண்ணே?" என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டிருக்கிறேன்.

"இது என்ன உன் நாற்காலியா? ரெண்டு வாரத்துல பாதி வீரியம் போயிடும். அடுத்த ரெண்டு வாரத்துல அதுலயும் பாதி. வேணுங்கறப்போ வேணுங்கறதைத்தான் வாங்கணும்."

ஒன்றரை வருடம் முன்னால் அவர் போன் பேசுகிற விதம் மாறியது. வலது கையால் எழுதுகிறவர், ரிசீவரை இடது கையில் பிடித்து, முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோய் வலது காதில் வைத்துக்கொள்வார். "என்ன அண்ணே, தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறீங்க?" என்று கிண்டல் பண்ணினேன். கழுத்து வலி என்றார். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. நான் ஒன்று கேட்டால் அவர் வேறொன்றுக்குப் பதில் சொல்வதும், யார் என்ன சொன்னாலும் "சரி, சரி" என்று சிரிப்பதும் எனக்குத் தெரியாததா?

இடது காது முழுசாகப் போயிருந்தது. வலது காதும் மெல்லக் கைவிடத் தொடங்கியிருந்தது. வெளியே தெரிந்தால், போனில் கேட்டு வாங்குகிற வேலையில் வைத்திருக்க மாட்டார்கள்; அடித்தளத்தில் பழைய கோப்புகளுக்குக் காவல் போட்டுவிடுவார்கள் என்று பயந்திருக்கிறார். அந்த வேலை இல்லாமல் தான் யார் என்றே அவருக்குத் தெரியாது.

ஒரு வியாழக்கிழமை, செல் ஆய்வகத்து ஆராய்ச்சி மாணவியின் படிவம் வந்தது. பாஸ்பரஸ் என்று எழுதி, பக்கத்து எண்ணை அடித்துத் திருத்தியிருந்தாள். முப்பத்திரண்டா, முப்பத்துமூன்றா, கண்டுபிடிக்க முடியாத திருத்தல். இரண்டுமே பாஸ்பரஸ்தான். ஆனால் முப்பத்திரண்டின் கதிர் பலமானது, மற்றதன் கதிர் சோனி. ஒன்றுக்காகத் திட்டமிட்ட சோதனைக்கு இன்னொன்று உதவாது. கதிரண்ணன் வழக்கம்போல் போன் போட்டார். வெளியே யாரோ புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"முப்பத்திமூணு தானேம்மா?... சரிம்மா. சரி, சரி."

டிக் அடித்தார். இரண்டாவது தடவை சொல்லச் சொல்லவில்லை. அது என் காதில் விழுந்தது. என்னவோ போல் இருந்தது. நான் என் நாற்காலிப் பட்டியலுக்குத் திரும்பிவிட்டேன். அந்த ஆய்வகத்தின் அனுமதியில் இரண்டு வகையும் இருந்ததால் பாதுகாப்பு அதிகாரியும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அடுத்த புதன்கிழமை பெட்டி வந்தது. அன்று மதியமே அந்த ஆய்வகத்துப் பேராசிரியர் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தார். கூட்டிக்கொண்டு என்ன, இழுத்துக்கொண்டு என்றே சொல்லலாம். அழுது முடித்த முகம் அவளுக்கு. வந்திருந்தது முப்பத்துமூன்று. மூன்று மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்த செல்கள் இன்னும் இரண்டு நாள்தான் தாங்கும். சரியான பெட்டி வர ஒரு வாரம் ஆகும்.

"நான் முப்பத்திரெண்டுன்னுதான் சார் சொன்னேன். அவர் மூணுன்னதும், இல்ல ரெண்டுன்னு திருப்பியும் சொன்னேன்."

"படிவத்துல கோழி கிளறின மாதிரி எழுதிட்டு, பேச்சு வேறயா?" என்றார் பேராசிரியர். மேசையில் இருந்த நீல நோட்டைத் திருப்பிக் காட்டினார். "டிக் இருக்கு பாரு. பத்தொன்பது வருஷமா தப்பு பண்ணாத மனுஷன் தப்பா, நீ தப்பா? ஒரு எண்ணை ஒழுங்காச் சொல்லத் தெரியாதவங்க கையில இந்தச் சாமானைக் கொடுக்க முடியாது. அனுமதிப் பட்டியல்லேர்ந்து உன் பேரை எடுத்துடச் சொல்லப்போறேன்."

பெயரை எடுத்துவிட்டால் அவள் ஆராய்ச்சி அதோடு சரி. அந்தப் பச்சை டிக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று அவர் இரண்டாவது தடவை சொல்ல வைக்காதது எனக்குத் தெரியும். வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கதிரண்ணன் எழுந்து நின்றார். பேராசிரியர் சொன்னதில் எவ்வளவு அவருக்குக் கேட்டதோ தெரியாது. ஆனால் அவள் முகத்தைப் படிக்கக் காது தேவையில்லையே.

"அந்த டிக் பொய் சார்" என்றார். "அன்னைக்கு இந்தப் பொண்ணு சொன்னது எனக்குக் கேக்கல. எனக்கு காது கேக்கறதில்ல. கேட்ட மாதிரி டிக் போட்டுட்டேன்."

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்து, "மன்னிச்சுக்கம்மா" என்றார். அவள் மன்னிக்கவில்லை. "மூணு மாசம் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள். அவள் கோபம் நியாயமானது.

வீட்டில் எப்படிச் சொல்வது என்று அன்று சாயங்காலம் முழுக்கத் தவித்தாராம். ஒருவழியாகச் சொன்னபோது அண்ணி அடுப்பைக்கூட அணைக்காமல் கேட்டாராம்: "ரெண்டு வருஷமா நான் எதுக்கு உங்க வலது பக்கமே நடக்கறேன்னு நெனச்சீங்க? அந்தப் பக்கம் நல்லா காத்து வருதுன்னா?" இதை என்னிடம் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன.

பாதுகாப்பு அதிகாரி நல்ல மனிதர். கண்டித்து ஒரு கடிதம் கொடுத்தார். அதோடு அடித்தளத்துக்கு அனுப்பாமல் விதியை மாற்றினார். இனிமேல் போன் கிடையாது. பொருள் வேண்டுகிறவர் நேரில் எங்கள் அறை ஜன்னலுக்கு வந்து சொல்ல வேண்டும். மாணவியின் பெயர் பட்டியலிலேயே இருந்தது. கதிரண்ணன் காதுக்கு ஒரு கருவி வாங்கிக்கொண்டார். முதல் நாளே என்னிடம், "நீ இவ்வளவு சத்தமாவா பெருமூச்சு விடுவே?" என்று கேட்டு மானத்தை வாங்கினார்.

மூன்றரை மாதம் கழித்து அந்தப் பெண் ஜன்னலுக்கு வந்தாள். புது செல்கள் தயாராகிவிட்டன போலும். படிவத்தை நீட்டினாள். இந்தத் தடவை அச்சடித்தது. கதிரண்ணன் எழுந்தே விட்டார்.

"சொல்லும்மா."

அவள் சொல்லவில்லை. "நீங்க சொல்லுங்க சார்" என்றாள்.

அவர் படிவத்தைப் பார்த்தார். "பாஸ்பரஸ் முப்பத்திரெண்டு."

"இன்னொரு தடவை."

"பாஸ்பரஸ் முப்பத்திரெண்டு" என்றார்.

அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, நீல நோட்டைத் தன் பக்கம் திருப்பி, பச்சைப் பேனாவை எடுத்து, டிக்கை அவளே போட்டாள்.