பானைக் காதில் சிவப்புத் துணி

தேவாலயத்தில் அநேகமாக எல்லோரும் அவரைக் கேன்டீன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பிஸ்கட் தொழிற்சாலைக் கேன்டீனில் பதினான்கு வருடமாக முந்நூறு பேருக்குச் சமைக்கிறவர். ஆனால் தேவாலயச் சமையலறையில் மட்டும் அவருடைய இடம் பாத்திரம் கழுவும் சிங்க். கட்டின புருஷனை விட்டுவிட்டு மகளோடு தனியாக வந்த வருடத்திலிருந்து அப்படி. காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வருடந்தோறும் நிதி திரட்ட நடக்கும் விருந்துக்கு முந்தின வாரம் கதவில் ஒட்டும் பட்டியலில், 'கழுவுதல்' என்பதற்கு நேராக அவர் பெயர் இருக்கும், அவ்வளவுதான்.

இந்த வருடம் ஒழுகும் கூரையை மாற்றுவதற்காக விருந்து. வழக்கமாகச் சமைக்கிற அம்மா படியில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டார். இருநூறு பேருக்குச் சூப் வைக்க வேறு ஆளில்லை. போதகர் அக்காவைக் கேட்டார். பட்டியல் எழுதும் செயலாளரம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது.

"ஏதோ இந்த ஒரு தடவை. சரியா வரலைன்னா அடுத்த வருஷம் பழையபடி சிங்க்தான், சொல்லிட்டேன்."

"சரியா வந்தா?" என்று கேட்டார் அக்கா.

விருந்தன்று மதியமே சமையலறை நிரம்பிவிட்டது. கேரட் நறுக்க ஓய்வுபெற்ற தபால்காரர், ரொட்டி வெட்டத் தச்சர், இன்னும் நாலைந்து பேர். ஆளுக்கொரு கத்தி, ஆளுக்கொரு அபிப்பிராயம். ஆசைக்கு வேலை செய்ய வருகிறவர்கள் சொல்லாததையும் சேர்த்துச் செய்வார்கள் என்று அக்காவுக்குத் தெரியும். அதனால் சூப்பில் உப்பைப் போட்டதும் சிவப்புத் துணி ஒன்றைக் கிழித்துப் பானையின் காதில் கட்டினார்.

"துணி இருந்தா உப்பு போட்டாச்சுன்னு அர்த்தம். அப்புறம் யாரும் உப்பு டப்பாவைத் தொடக் கூடாது. எங்க கேன்டீன்ல இதான் சட்டம்."

"பானைக்குக் கம்மல் போட்டுட்டாங்கய்யா!" என்றார் தச்சர்.

நாலு மணிக்கு வண்டியில் வந்த உருளைக்கிழங்கு மூட்டைகளை இறக்க அக்கா பின்வாசலுக்குப் போனார். அரைமணி கழித்துத் திரும்பி வந்து ஒரு வாய் ருசி பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். நாக்கு சுருண்டது. பானைக் காதில் துணியைக் காணவில்லை.

"நான்தான் எடுத்தேன்," என்றார் செயலாளரம்மா. "வர்றவங்க உள்ளே எட்டிப் பார்ப்பாங்க. கந்தல் தொங்கினா நல்லாவா இருக்கு?" அவரும் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். "ஐயையோ, கடல் தண்ணி! நான் அப்பவே சொன்னேனே! நீ போய் சிங்க்கைப் பாரும்மா, மிச்சத்தை நாங்க பார்த்துக்கறோம்."

அக்கா அடுப்பை அணைத்தார். இடத்தைவிட்டு நகரவில்லை.

"போக மாட்டேன். முந்நூறு பேருல ஒருத்தர்கூட என் தட்டைத் தள்ளி வச்சதில்லை. நான் உப்பு போட்டது ஒரு தடவை. அதுக்கு மேல போட்டது யாரு? கையைத் தூக்குங்க."

கேரட்டோடு ஒரு கை எழுந்தது. "துணி இல்லையே, உப்பு பத்தலைன்னு நீங்களே அவிழ்த்துட்டீங்கன்னு நினைச்சேன்," என்றார் தபால்காரர்.

"நானும்தான்," என்றார் தச்சர்.

கடைசியில் செயலாளரம்மாவின் கை தோள் உயரத்துக்கு வந்தது. "நான் ஒரு சிட்டிகைதான்..."

"விரல் சிட்டிகையா, கரண்டிச் சிட்டிகையா?" என்றார் தபால்காரர்.

சிரிப்பு அடங்கும்வரை அக்கா காத்திருக்கவில்லை. இன்னொரு பெரிய பானையை இறக்கச் சொன்னார். பாதிச் சூப்பை அதில் ஊற்றி, இரண்டிலும் வெந்நீர் விட்டு, வறுக்க வைத்திருந்த உருளைக்கிழங்கு முழுவதையும் வெட்டிப் போட்டு, மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார். "இன்னைக்கு வறுவல் கிடையாது. யாராவது கேட்டா என்கிட்ட அனுப்புங்க." பிறகு தன் ஏப்ரன் நாடாவை அறுத்து, இரண்டு பானைக் காதிலும் இரட்டை முடிச்சாகக் கட்டினார். அவிழ்க்க யாரும் வரவில்லை.

கூடம் நிறைந்தது. இரண்டு பானை இருந்ததால் இரண்டாவது கிண்ணம் கேட்டவர்களுக்கும் கிடைத்தது. பந்தி முடிந்து எச்சில் கிண்ணங்கள் சிங்க்கில் மலையாகக் குவிந்தபோது, பழக்க தோஷத்தில் எல்லோர் கண்ணும் அக்காவிடம் போனது.

அக்கா ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஒரு கிண்ணம் சூப்போடு கூடத்துக்குப் போய், மகளுக்குப் பக்கத்தில், விருந்தாளிகளின் மேசையிலேயே உட்கார்ந்தார்.

"அக்கா, பாத்திரம்?" என்று வாசலிலிருந்து செயலாளரம்மா கேட்டார். அக்கா என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"உப்பு போட்ட கை மூணு இருக்கே. அதுங்க கழுவட்டும்."

உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா ஒரு வாய் குடித்துப் பார்த்தார். உப்பு கொஞ்சம் குறைவுதான். மேசையிலிருந்த டப்பாவை எடுத்துத் தன் கிண்ணத்தில் தட்டிக்கொண்டார்.