சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஒரு ஸ்டேஷன் மாஸ்டர்

அனுமதி ஒப்பந்தத்தின் மூன்றாம் பந்தி இப்படிச் சொல்கிறது: இந்த விளையாட்டை விண்டோஸ் இயங்கும் கணினி ஒன்றில் மட்டுமே நிறுவலாம், வேறு வகைக் கணினியில் இயக்க விரும்புவோர் தயாரிப்பாளரின் எழுத்துமூல அனுமதியை முன்கூட்டியே பெற்றுக்கொள்ள வேண்டும். அந்த ஒப்பந்தத்தை முழுதாக வாசித்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர் இருக்கலாம். ஒருத்தி நான். மற்றவர் அதை எழுதியவர். அவர் விடயத்தில்கூட எனக்குச் சந்தேகம்தான்.

கண்டியில் ஓர் அரசாங்கக் காரியாலயத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை செய்து, பிரதம எழுதுவினைஞராக ஓய்வுபெற்றவள் நான். 'முன்கூட்டியே' என்ற சொல்லைக் கண்டால் என் கை தானாக நின்றுவிடும். எங்கள் கெலிஓயா வீட்டில் இருந்ததோ ஒரு மெக் கணினி. மகள் மெல்பேர்னுக்குப் போகும்போது, "இது பழசும்மா, நீங்க வச்சுக்கங்க" என்று விட்டுப்போனது. அதில் நான் மரண அறிவித்தல்கள் வாசித்து வந்தேன்.

விளையாட்டு எனக்காக அல்ல, என் கணவருக்காக. அவர் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். கடைசிப் பதினொரு வருடம் நாவலப்பிட்டியில். மலைநாட்டு ரயில் பிந்தலாம், மழைக்கு மண் சரியலாம், எருமை குறுக்கே படுக்கலாம். ஆனால் தான் ஒருநாளும் ஒரு நிமிடம் பிந்தியதில்லை என்பதை அவர் கல்யாண வீட்டிலும் சொல்வார், செத்த வீட்டிலும் சொல்வார். முந்தைய வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. கால் ஒரு மாதத்தில் திரும்பிவிட்டது, பேச்சு அதற்கு முன்பே திரும்பிவிட்டது. வலது கை மட்டும் லீவில் நின்றது.

ஓய்வூதியம் பெறுகிறவர் வருடத்துக்கு ஒருமுறை, தான் உயிரோடு இருப்பதைக் கிராம சேவகர் முன்னால் கையெழுத்திட்டு உறுதிப்படுத்த வேண்டும். பாரிசவாதம் வந்த கையோடு அந்தத் தவணையும் வந்தது. பேனை நிற்கவில்லை. கிராம சேவகர் மரியாதையாக மைப்பெட்டியை நகர்த்தி வைத்தார். இவர் பெருவிரலை வைத்தார். வீட்டுக்கு வந்து மூன்று நாள் அந்த விரலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார்.

"அடுத்த தடவ கைநாட்டு வைக்க மாட்டேன்," என்றார். "அதுக்கு நான் செத்துட்டேன்னு எழுதிக் குடுத்துடலாம்."

"அதுக்கும் ஒரு படிவம் இருக்குங்க," என்றேன். "ஆனா அதுல நீங்க கையெழுத்துப் போட முடியாது."

பிசியோதெரபி மிஸ் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார், ஒரு நாளைக்கு நூறு தடவை அமுக்கச் சொல்லி. மூன்றாம் நாள் பந்து வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு நானாவின் வளவுக்குப் போனது. அவர் கெலிஓயா டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். "மாஸ்டர், பந்து இங்க ஈக்குது, எறியவா?" என்று கேட்டார். "அங்கேயே இருக்கட்டும்," என்றார் இவர். அதன் பிறகு மிஸ், விரல்கள் தாளத்துக்கு வேலை செய்கிற எதுவானாலும் பரவாயில்லை என்று இறங்கி வந்தார். மகளுக்குத் தான் பல்கலைக்கழகத்தில் விளையாடிய தாள விளையாட்டு ஞாபகம் வந்தது. பாட்டு ஓடும், திரையின் மேலிருந்து நான்கு வரிசையில் பட்டைகள் இறங்கும், அவை கீழே உள்ள கோட்டைத் தொடும் கணத்தில் விசையை அழுத்த வேண்டும். இடது கைக்கு இரண்டு விசை, வலது கைக்கு இரண்டு. கீழே இறங்கி வரும் ஒன்றைக் குறித்த நேரத்தில் வரவேற்பது என்றதும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான் முறைப்படி தயாரிப்பாளருக்கு எழுதினேன். ஐந்து இலக்கமிட்ட பந்திகள், கோப்பு இலக்கம், பொருள் வரிக்குக் கீழே கோடு. முதல் பந்தியில் மெக்கில் நிறுவ அனுமதி கோரினேன். நான்காம் பந்தியில் மருத்துவக் காரணம். ஐந்தாம் பந்தியில் துரித கவனத்துக்கு முன்கூட்டிய நன்றி. இரண்டு வாரம் பொறுத்து ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். இன்னும் இரண்டு வாரம் பொறுத்து, முதல் நினைவூட்டலைச் சுட்டிக்காட்டி இரண்டாவது நினைவூட்டல்.

"அம்மா, நீங்க எழுதின மாதிரி ஒரு மெயிலை அவங்க வாழ்நாள்ல பார்த்திருக்க மாட்டாங்க," என்றாள் மகள் தொலைபேசியில். "கோர்ட் கேஸுன்னு பயந்து மூடி வச்சிருப்பாங்க. போட்டுட்டு விளையாடுங்க."

காரியம் அவசரமானால் முதலில் செய்துவிட்டு அனுமதியைப் பிறகு எடுப்பது எங்கள் காரியாலயத்திலும் நடந்ததுதான். அப்படிக் கட்டிய கூரைகளுக்குக் கீழேதான் பல காரியாலயங்கள் நடக்கின்றன. ஆகவே அனுமதி வரும் என்ற எதிர்பார்ப்பில் தற்காலிகமாக நிறுவுவதென்று கோப்பில் ஒரு குறிப்பு எழுதி, நானே கையொப்பமிட்டு, நானே அங்கீகரித்தேன்.

மெக்கில் விண்டோஸ் இல்லை. ஆனால் விண்டோஸ் இருப்பதாக விளையாட்டை நம்பவைக்க ஒரு மென்பொருள் உண்டு. விண்டோஸிடம் விளையாட்டு கேட்கும் கேள்விக்கெல்லாம் அது இடையில் நின்று பதில் சொல்லும். நிரந்தர அதிகாரி இல்லாத கதிரையில் பதில் கடமைக்கு ஒருவரை உட்கார வைப்பதுபோல என்று விளங்கிக்கொண்டேன். மெக் முதலில் மறுத்தது. தயாரிப்பாளர் யாரென்று அடையாளம் தெரியவில்லை, திறக்க முடியாது என்றது. அந்த நேர்மையை நான் மதித்தேன். பிறகு மகள் சொன்னபடி அமைப்புகளுக்குள் போய் 'எப்படியாயினும் திற' என்பதை அழுத்தினேன். என் சேவைக்காலம் முழுவதும் அப்படி ஒரு பொத்தான் என் மேசையில் இருந்திருந்தால் எத்தனை பேர் வாழ்ந்திருப்பார்கள்.

"இப்ப புதுசா ஒரு போத்தல் செய்யணும்மா," என்றாள் மகள். ஒவ்வொரு விளையாட்டையும் வைக்கும் தனிப் பெட்டிக்கு அந்த மென்பொருளில் அப்படித்தான் பெயராம்.

அதுவரை பத்திரிகைக்குப் பின்னால் இருந்த கணவர் தலையை நீட்டினார். "டொக்டர் வேணாம்னு சொன்னாரே?"

போத்தல் தயாரானது, விளையாட்டு உள்ளே போனது, திறக்கவில்லை. கறுப்புத் திரை வரும், போகும். மூன்று நாள் போராடினோம். கடைசியில் மகள் என் திரையைத் தன் வீட்டிலிருந்தே பார்த்தாள்.

"அம்மா, இந்த ஃபோல்டருக்கு என்ன பேர் வச்சிருக்கீங்க?"

"தனி, சாய்கோடு, வைத்தியம், சாய்கோடு, வலது கை, சாய்கோடு, பூச்சியம் ஒன்று."

"சாய்கோட்டை அது பாதைன்னு நெனைக்கும்மா. தமிழ் எழுத்தும் அந்தப் பழைய கேமுக்கு வாசிக்கத் தெரியாது. 'கேம்'னு இங்கிலீஷ்ல மூணு நாலு எழுத்து போதாதா?"

"நாளைக்கு ரெண்டாவது கோப்பு வந்தா எப்படித் தேடுறது?"

"ரெண்டாவது கை வேறயா?" என்றார் கணவர் பின்னாலிருந்து.

கோப்புக்குப் பெயர் மாற்றினேன். என் வாழ்வில் இலக்கமில்லாத முதல் கோப்பு அது. விளையாட்டு உடனே திறந்தது. மகள் தீபாவளிக்கு அனுப்பிய கம்பியில்லாத ஒலிபெருக்கியை அலுமாரிக்கு மேல் வைத்து, மெக்குடன் இணைத்தேன். பாட்டு வீடு முழுவதும் கேட்டது. இவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் பட்டை இறங்கியது. அழுத்தினார். திரையில் பெரிய சிவப்பு எழுத்தில் 'லேட்' என்று வந்தது. இரண்டாவதும் லேட். அந்தப் பாட்டு முடியும்வரை, ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் முகத்துக்கு நேரே இருநூறு தடவைக்கு மேல் அது அப்படிச் சொன்னது.

மறுநாளும் லேட். அடுத்த கிழமையும் லேட். வேலிக்கு அந்தப் பக்கம் நானாவுக்கு விடயம் தெரிந்துவிட்டது.

"என்ன மாஸ்டர், இன்டைக்கும் லேட்டா?"

"நீங்க கடையைத் தொறக்குற நேரத்தைப் பாருங்க நானா!"

"நான் எந்த நாளும் லேட்தான். ஆனா எனக்கு ஒத்தரும் பாட்டுப் போட்டுச் செல்லுறல்லயே!"

இவர் சிரிக்கவில்லை. அன்று மாலை வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இது செத்துப்போச்சு. கைநாட்டுதான்," என்றார். அடுத்த கையெழுத்துத் தவணைக்கு மூன்று மாதம்கூட இருக்கவில்லை. எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. பருப்பை இறக்கப் போவதாகச் சொல்லிக் குசினிக்குப் போனேன்.

அங்கிருந்து கேட்டால் விளையாட்டு ஓடுகிறது. கதவிடுக்கால் பார்த்தேன். வலது கை மடியில் கிடந்தது. இவர் இடது கையாலேயே வலது கைக்குரிய இரண்டு விசைகளையும் தட்டிக்கொண்டிருந்தார். என்னிடம் காட்டுவதற்கு ஒரு நல்ல பெறுபேறு தயாராகிக்கொண்டிருந்தது. அரச சேவையில் முப்பத்தெட்டு வருடம், ஒரு எச்சரிக்கைக் கடிதம் இல்லாத மனிதர்!

உள்ளே போய்க் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் எட்டு வைத்தேன். திரையைப் பார்த்து நின்றுவிட்டேன். லேட். லேட். லேட். ஒரு நோயும் இல்லாத இடது கைக்கும் அதே சிவப்பு எழுத்து.

சத்தமில்லாமல் திரும்பிப் போய்ப் பருப்பைக் கிளறினேன். மறுநாள் பழைய கொப்பி ஒன்றில் வரவு இடாப்புப்போலக் கட்டம் போட்டேன். காரியாலயத்தில் நேரம் கடந்ததும் இடாப்பில் நான் ஒரு சிவப்புக் கோடு இழுப்பேன். அதற்குக் கீழே கையெழுத்திடுகிறவர் பிந்தியவர். ஹுன்னஸ்கிரியவிலிருந்து வரும் எழுதுவினைஞர் ஒருவர் தினமும் கோட்டுக்குக் கீழே இருந்தார், தினமும் சரியாகப் பதினெட்டு நிமிடம். ஒரு வருடம் அவரை ஏசிய பிறகுதான் எனக்கு விளங்கியது. சோம்பேறி ஒருநாள் ஐந்து நிமிடம் பிந்துவான், ஒருநாள் நாற்பது நிமிடம் பிந்துவான். தினமும் ஒரே அளவு பிந்துகிறவர் பிந்துவதில்லை; அவருடைய பஸ் பிந்துகிறது.

ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் சராசரியாக எவ்வளவு தாமதம் என்று விளையாட்டே காட்டும். ஐந்து நாள் குறித்தேன். வலது கை, இடது கை, இவர் தூங்கும்போது நான் இரகசியமாக விளையாடிய என் கை, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு தாமதம். எனவே பஸ்ஸைத் தேடினேன். அது அலுமாரிக்கு மேல் இருந்தது. கம்பியில்லாத ஒலிபெருக்கிக்குச் சத்தம் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது. அதைக் கேட்டு இவர் தட்டும்போது பட்டை கோட்டைக் கடந்துவிடுகிறது. ஒலிபெருக்கியைக் கழற்றினேன். தாமதத்தில் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சம் நம் பதில் கடமை மென்பொருள் இடையில் நின்று மொழிபெயர்க்கும் நேரம். அதற்கு விளையாட்டின் அமைப்புகளிலேயே ஒரு வழி இருந்தது. கணிக்கும் கோட்டைச் சற்று நகர்த்தலாம். முப்பத்து நான்கு வருடத்தில் அமைச்சரின் மருமகனுக்குக்கூட நான் இடாப்பின் கோட்டை நகர்த்தியதில்லை. கணவருக்காக நகர்த்தினேன்.

"இப்ப விளையாடுங்க. ரெண்டு கையாலயும்."

"ரெண்டு கையாலதானே விளையாடுறேன்?"

"பருப்பு வேகுற நேரத்துல ஒரு கைதான் வேலைக்கு வந்துச்சு."

முகம் கறுத்துச் சிவந்தது. விசைகளில் விரலை வைத்தார். பட்டைகள் இறங்கின. பச்சை எழுத்து. பச்சை. வலது பக்கத்தில் இடையிடையே தவறியது, ஆனால் வந்த அடிகள் நேரத்துக்கு வந்தன. பாட்டு முடிந்ததும் நாற்காலியை விட்டு எழும்பாமலே வேலிப் பக்கம் திரும்பிக் கத்தினார்: "நானா! மெஷின்தான் லேட்! நான் இல்ல!"

"மெஷின் ஒத்துக்கிட்டிச்சா மாஸ்டர்?"

"என் பொண்டாட்டி ஒத்துக்கிட்டா! அதுதான் கஷ்டம்!"

அன்றிலிருந்து காலை இரண்டு பாட்டு, பின்னேரம் மூன்று. கார்த்திகை மழையில் தானே சட்டைப் பொத்தான் பூட்டினார், ஒரு துளை தள்ளி. மார்கழியில் பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் கையெழுத்துப் பழகத் தொடங்கினார். அவற்றைச் சுருட்டி அடுப்படிக் கூடையில் போட்டுவிட்டு, நான் பார்க்கவில்லை என்று நினைத்தார். நானும் பார்க்காதவளாகவே இருந்தேன்.

பொங்கலன்று நானா வீட்டுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினோம். பாத்திரம் மறுநாள் வட்டிலப்பத்தோடு திரும்பி வந்தது; உள்ளே அந்த ரப்பர் பந்தும் கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. அதே காலையில், அதற்குள் நான்காகிவிட்ட என் நினைவூட்டல்களுக்கும் சேர்த்து, தயாரிப்பாளரின் பதில் வந்தது. மூன்று வரி. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. வருந்துகிறோம், இந்த விளையாட்டு மெக் கணினியில் இயங்காது. தயவுசெய்து முயற்சிக்க வேண்டாம்.

டவுனுக்குப் போய் அச்செடுத்து வந்தேன். கணவர் மூன்றாவது பாட்டில் இருந்தார்.

"என்ன எழுதியிருக்கான்?"

"இது ஓடாதாம்."

"எது?"

"நீங்க இப்ப விளையாடிக்கிட்டு இருக்கிறது."

"சரி. ஃபைல் பண்ணு."

கிடைத்த கடிதம் எதுவானாலும் வலது மேல் மூலையில் 'கிடைத்தது' என்று குறித்து, கையொப்பமும் திகதியும் இடாமல் கோப்பில் போடக்கூடாது. கிராம சேவகரிடம் போக இன்னும் பத்து நாள் இருந்தது. கடிதத்தையும் பேனையையும் அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், பேனையைப் பார்த்தார். வலது கையால் எடுத்தார். கையெழுத்து மெதுவாகப் புறப்பட்டு, நடுவில் ஒருமுறை தரித்து, கடைசி எழுத்தின் வாலில் ஒரு பெட்டியைக் கூடுதலாக இழுத்துக்கொண்டு தாளின் ஓரத்தைத் தொட்டு நின்றது. அது அவருடைய கையெழுத்துத்தான். எந்தக் கவுண்டரிலும் செல்லும். திகதிக்கு இடம் போதவில்லை. அதைக் கீழே எழுதினார்: ஜனவரி 16, வெள்ளிக்கிழமை.