கஹவத்தை மலையில் இருபத்தோராவது வீடு

கொழும்பில் நாங்கள் வசிக்கும் அரசாங்கத் தொடர்மாடியின் கூரை மூன்று வருடங்களாக ஒழுகுகிறது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் நான்தான். உதவி நிதி கேட்டு எழுதுவதற்கு முன், அப்படி வாங்கி வீடு கட்டியவர்களை நேரில் பார்த்துவிடலாம் என்று போன பெப்ரவரியில் ஒரு ஞாயிறு கிளம்பினேன்.

காலை ஐந்தரைக்குப் புறக்கோட்டையில் எம்பிலிப்பிட்டிய பஸ். கஹவத்தையில் இறங்கும்போது மணி பத்து. அங்கிருந்து தோட்டம் எட்டுக் கிலோமீட்டர்; ஆட்டோவுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். ஓட்டிவந்த ரிஸ்வான் நானா, "மழ நாள்ல இந்தப் பக்கம் ஹயர் வாறல்ல. மண்ணு எப்ப எறங்கும்னு சொல்லேலா" என்றார்.

தேயிலைச் சரிவின் மேல் இருபத்தொரு வீடுகள். ஒன்றிலும் முன்விறாந்தை இல்லை. கொழுந்து பறிக்கும் செல்வராணி அக்காதான் வீடமைப்புக் குழுத் தலைவி. பிளேன்டீ கொடுத்துவிட்டுக் கதையைச் சொன்னார்.

காணியைத் தோட்ட நிர்வாகம் கொடுத்தது. சாமான்களுக்கு ஒரு வெளிநாட்டு நிதி. பாதையும் தண்ணீரும் பிரதேச சபை. கட்டும் வேலை மக்களுடையது. செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பட்டியலில், பெயர் உள்ள இருபது குடும்பங்களுக்கு வீடு என்று முடிவானது. லயத்தின், அதாவது தொழிலாளர்களின் பழைய வரிசைக் குடியிருப்பின், கடைசி அறையில் தனியாக இருந்த சரோஜா அக்கா, இடுப்பில் அடிபட்டு வேலையை விட்டவர். அவர் பெயர் அதில் இல்லை.

"லயத்துக்குப் பின்னால மல வெடிச்சிருந்துச்சுங்க. அவங்கள மட்டும் அதுக்குக் கீழ விட்டுட்டு நாங்க எப்படிப் போறது? எல்லா வீட்டுலயும் விறாந்தைய எடுத்துருங்க, அந்தச் சாமான்ல இன்னொரு வீடு கட்டுவோம்னு சொன்னோம்."

திட்டத்தை மாற்ற மூன்று தரப்பும் சம்மதிக்க வேண்டும், ஒப்பந்தம் தாமதமானால் நிதி வேறு தோட்டத்துக்குப் போய்விடும் என்று எச்சரித்தார் திட்ட அதிகாரி. இருபது வீட்டுக்கான அந்த ஒப்பந்தத்தில் இருபது குடும்பங்களில் ஒருவரும் கையெழுத்து வைக்கவில்லை.

"பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"பயந்தாங்க. மழ பெஞ்சா புள்ளைங்கள கோயில்ல படுக்க வச்சோம்."

பக்கத்தில் இருந்த சரோஜா அக்கா, "நீங்க போங்க, நா எப்பிடியாச்சும் இருந்துக்கிறேன்னு சொன்னேன். யாரும் காதுல வாங்கல" என்றார்.

கடைசியில் அந்த அதிகாரியே வந்து, சரோஜா அக்காவின் அறையில் உட்கார்ந்து, பின்சுவரின் வெடிப்பைப் பார்த்தார். திரும்பிப் போய் மூன்று தரப்பிடமும் பேசினார். ஐந்து வாரத்தில் சம்மதம் வந்தது.

அவர்கள் குடிபோன வருடமே மழையில் மலை சரிந்தது. கீழே பழைய லயத்துக்கு இறங்கிப் பார்த்தேன். கடைசி மூன்று அறைகளும் மண்ணுக்குள். சரோஜா அக்காவின் ஜன்னல் சட்டம் மட்டும் ஒரு சாண் வெளியே தெரிந்தது.

போகிறவர்களுக்கு: வேலை நாட்களில் எல்லாரும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள், ஞாயிறே நல்லது. அட்டைக்கு உப்பு கொண்டுபோங்கள். ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லுங்கள். மாலை நாலுக்குள் கஹவத்தைக்குத் திரும்பினால் கொழும்பு பஸ் சுலபம். நிதி கேட்டு எழுதுகிறவர்கள், பட்டியலில் யார் விடுபட்டார்கள் என்று முதலில் பாருங்கள்.

எங்கள் பட்டியலில், வாடகைக்கு இருக்கும் நான்கு குடும்பங்களை நான் சேர்த்திருக்கவில்லை. திரும்பும் பஸ் இரத்தினபுரி வருவதற்குள் நான்கு பெயர்களையும் எழுதிவிட்டேன்.