வெனிகர்னு சொல்லி வாங்குன கையெழுத்து

என் பொண்டாட்டி ஒயின் ஆலை கட்டக் கிளம்புனப்ப, அது வெனிகர் கம்பெனின்னு சொல்லி நாலு பங்காளிககிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்த ஆள் நான்தான். ஐம்பத்திரெண்டு வயசுல. யாரும் என்னை மிரட்டல. நானா யோசிச்சு நானாச் செஞ்சது. அன்னைக்கு பஸ்ல திரும்பி வர்றப்ப, பெரிய ராஜதந்திரி மாதிரி ஜன்னலோர சீட்டுல உட்கார்ந்து வேர்க்கடலை வேற தின்னுக்கிட்டு வந்தேன்.

அவ ஒண்ணும் திடீர்னு கிளம்பல. கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் நாங்க நாசிக்ல இருந்தோம். நான் ஒரு பம்ப் கம்பெனியில ஸ்டோர்ஸ் பார்த்தேன். அவ கெமிஸ்ட்ரி படிச்சவ, ஒரு ஒயின் ஆலையில லேப்ல இருந்தா. சந்தைக்கு நாவல்பழம் வந்துட்டா கூடை கூடையா வாங்கிட்டு வந்து, அடுப்படியில பெரிய கண்ணாடி ஜாடியில ஊறப்போட்டுருவா. மூடியில வளைஞ்ச குழாய் ஒண்ணு இருக்கும். பழம் நொதிச்சு காத்து வெளிய வர்றப்ப 'ளொபக், ளொபக்'னு சத்தம் வரும். முதல் தடவை அதைக் கேட்டுட்டு, தண்ணி பைப் ஒழுகுதுன்னு நான் போய் பிளம்பரைக் கூட்டிட்டு வந்துட்டேன். அந்த மனுஷன் ஜாடி முன்னால ஸ்பேனரோட குத்த வச்சு உட்கார்ந்து பார்த்துட்டு, அவகிட்ட மராத்தியில என்னமோ சொல்லிச் சிரிச்சார். அதுக்கு என்ன அர்த்தம்னு இன்னைக்கு வரைக்கும் அவ எனக்குச் சொல்லல.

ஊருக்குத் திரும்புனதும் அவ கண்ணு எங்க கிட்டங்கி மேல விழுந்துச்சு. கண்டரமாணிக்கம் பக்கத்துல எங்க பங்காளிகளுக்குப் பொதுவா ஒரு தோப்பு. பதினெட்டு நாவல் மரம். நடுவுல, ஒரு காலத்துல நெல்லும் புளியும் அடுக்கி வச்ச கிட்டங்கி. சுவர் ரெண்டு முழ அகலம். சித்திரை மாசம் அவ உள்ள ஆணியில ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, தினம் மதியம் ரெண்டு மணிக்குப் பார்த்து எழுதச் சொன்னா. வெளிய தார் ரோடு செருப்புல ஒட்டும். உள்ள காலை வச்சா மேலு சிலுத்துக்கும். நோட்டுல எழுதிப்புட்டு நான் அங்கயே துண்டை விரிச்சுப் படுத்துருவேன். பழைய சாக்கு வாசம், தரையில ஊறிப்போன புளி வாசம், ஓட்டுச் சந்துல இறங்குற ஒரு கீத்து வெளிச்சம். அப்படியொரு தூக்கம் அதுக்கு முன்னாலயும் தூங்குனதில்ல, பின்னாலயும் தூங்கல.

மாசக் கடைசியில நோட்டைப் புரட்டிப் பார்த்தவ, "இதுக்கு ஏசியே வேண்டாம். சுவரே பார்த்துக்கிரும். ஒயின் வைக்க இந்த மாதிரி எடம் நாம கட்டுனாக்கூட வராது"ன்னா. சொல்லிட்டு அந்தச் சுவத்தை உள்ளங்கையால ரெண்டு தட்டு தட்டுனா, மாட்டைத் தட்டிக் குடுக்குற மாதிரி.

கிட்டங்கி கிடைச்சா அடுத்த ஆடிப் பழத்துக்கே வேலையைத் தொடங்கிரலாம். கிடைக்கலைன்னா எல்லாம் முதல்ல இருந்து. ஆனா லைசென்சுக்கு எழுதிப் போடணும்னா, எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு பங்காளிக நாலு பேரும் கையெழுத்துப் போடணும். "உங்க பங்காளிக. நீங்களே போய்ப் பேசி வாங்கிட்டு வாங்க"ன்னு ரெண்டு பக்கம் டைப் அடிச்சுக் குடுத்தா. என்ன தொழில்னு முதல் பக்கத்துல. கையெழுத்துப் போடுற எடம் ரெண்டாம் பக்கத்துல.

முதல்ல காரைக்குடியில ஹோட்டல் வச்சிருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போனேன். "என்னடா கம்பெனி?"ன்னார். சொல்ல வாயைத் திறந்தேன். நம்ம ஊர்ல ஒயின்னா யாருக்கும் பழம் ஞாபகம் வராது. ஒயின்ஷாப்தான் ஞாபகம் வரும். கம்பி வலை, அதுக்குள்ள நீளுற கை, பக்கத்துல சந்துல விழுந்து கிடக்கிற வேட்டி. எனக்கு நாக்கு புரண்டுபோச்சு. "வெனிகர்ண்ணே"ன்னுட்டேன். முதல் பக்கத்தை மடிச்சுப் பின்னால தள்ளிட்டேன். அவர் படிச்சே பார்க்கல, போட்டார். இவ்வளவு லேசான வேலையான்னு அடுத்த ரெண்டு வீட்டுலயும் அதே வெனிகர்தான்.

நாலாவது பெரியாத்தா வீடு. பெரியப்பச்சி போய் ரொம்ப வருஷம் ஆச்சு. அவுக ஒரே மகன், எனக்கு அண்ணன் முறை, குடிச்சுக் குடிச்சே நாப்பது வயசுல போனவர். அந்த வீட்டுக்குள்ள போய் ஒயின்னு எப்படிச் சொல்றது. பெரியாத்தா கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு, "வெனிகர்னா என்னடா?"ன்னாக.

"ஊறுகாயில ஊத்துறது பெரியாத்தா."

"நல்ல தொழில்தான். உம்பொண்டாட்டி கெட்டிக்காரி"ன்னு போட்டாக. வெள்ளைப் பணியாரம் சுட்டு வச்சாக. ஏழு தின்னேன்.

நாலே நாள். காலையில நான் இட்லி தின்னுக்கிட்டு இருக்கேன், ஹோட்டல் அண்ணன் அவளுக்கு போன் பண்றார். அவ கை மாவாயிருந்ததால ஸ்பீக்கர்ல போட்டா.

"ஏம்மா, உங்க வெனிகர் ஃப்ரைடு ரைஸுக்கு ஒத்து வருமா? நம்ம மாஸ்டர் ரெண்டு கேன் கேக்குறாரு."

அவ திரும்பி என்னைப் பார்த்தா. நான் சட்னியை எடுத்து ஊத்திக்கிட்டேன். "விசாரிச்சுச் சொல்றேண்ணே"ன்னு போனை வச்சுட்டு, "அவுகளுக்கு என்ன சொல்லிட்டு வந்தீக?"ன்னா.

"வெனிகர்னு..."

"நாலு பேருக்குமா?"

"ஒருத்தருக்கு ஒண்ணு, இன்னொருத்தருக்கு ஒண்ணு சொன்னா நல்லாருக்காதுல்ல."

அவ சிரிக்கல. கையைக் கழுவிட்டு, "சட்டையை மாட்டுங்க"ன்னா.

"கையெழுத்துதான் வந்துருச்சே, லைசென்ஸ் வந்தப்புறம் மெதுவாச் சொல்லிக்கிருவோமே"ன்னு இழுத்துப் பார்த்தேன். "அப்ப பாட்டில்ல வெனிகர்னே ஒட்டிருவமா?"ன்னு கேட்டா. சட்டையை மாட்டிட்டேன்.

மூணு வீட்டுலயும் பெரிசா ஒண்ணும் ஆகல. ஹோட்டல் அண்ணன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். "இவன் சின்னப்புள்ளையிலயே இப்படித்தாம்மா. மார்க் ஷீட்டை மடிச்சு மார்க்கை மறைச்சுக்கிட்டுத்தான் கையெழுத்துக் கேப்பான்"னு என் பழைய சரித்திரத்தையும் சேர்த்து எடுத்து வச்சார். மூணு பேரும் முதல் பக்கத்தைப் படிச்சுட்டுத் திரும்பக் கையெழுத்துப் போட்டாக.

பெரியாத்தா வீட்டுல அவ ரெண்டு பக்கத்தையும் எதுக்க வச்சா. "ஆச்சி, இவுக உங்ககிட்டச் சொன்னது பொய். நான் தொடங்கப்போறது ஒயின். போதை இருக்கும். கொஞ்சந்தான், ஆனா இருக்கும்."

"வெனிகர்னு சொன்னானே."

"பயந்துக்கிட்டுச் சொல்லிட்டாக."

பெரியாத்தா என்னைப் பார்த்தாக. நான் ஃபேனைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். ஃபேன் ஓடல.

"எவ்வளவு குடிச்சா தலை சுத்தும்?"

"ரெண்டு மூணு கிளாஸ் குடிச்சா சுத்தும் ஆச்சி."

"எம்மகன் ரெண்டு மூணோட நிப்பாட்டுனவன் இல்ல."

"தெரியும் ஆச்சி. அதான் நானே வந்து சொல்றேன்."

பெரியாத்தா முதல் பக்கத்தை எழுத்துக்கூட்டி மெதுவாப் படிச்சாக. பேனாவைக் கேட்டு வாங்கி, முன்னால போட்டிருந்த கையெழுத்து மேல ஒரே ஒரு கோடு இழுத்தாக. "கோவிச்சுக்காத ஆத்தா. இந்த வார்த்தைக்குக் கீழ எனக்குக் கை வரல."

"கோவமில்ல ஆச்சி"ன்னா இவ. நிஜமாவே கோவமில்ல. ஆனா எந்திரிச்சப்ப அந்த ரெண்டு காகிதத்தையும் ஓரம் ஒத்து வர்ற மாதிரி ரொம்ப நேரம் அடுக்கிக்கிட்டே இருந்தா. அன்னைக்கும் பணியாரம் வந்துச்சு. அவ தட்டுல நாலு, என் தட்டுல ஒண்ணு.

வீட்டுக்கு வந்து ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா: "நாளைக்குப் போய் அந்த தெர்மாமீட்டரை எடுத்துட்டு வந்துருங்க." போனேன். ரெண்டு மணிதான் ஆகியிருந்துச்சு. பழக்கத்துல எவ்வளவு காட்டுதுன்னு பார்த்தேன், எழுத நோட்டு இல்ல. துண்டை விரிச்சுப் படுத்தும் பார்த்தேன். தூக்கம் வரல. வெளிய நாவல் மரத்துல பூ எடுத்திருந்துச்சு.

அப்புறம் மூணு வருஷம் ஆச்சு. திருப்பத்தூர் ரோட்டுல அவ அப்பச்சி அவளுக்குக் குடுத்த எடத்துல, ரெண்டு சுவரு வச்சு நடுவுல இடைவெளி விட்டு, கிட்டங்கியை மனசுல வச்சுக்கிட்டே கட்டுனா. இருந்தும் பகலும் ராத்திரியும் ஏசி ஓடித்தான் ஆகவேண்டியிருக்கு. ஆலை அவ பேர்லயும் மக பேர்லயும் இருக்கு. நான் இருக்கேங்கிறதுக்கு அடையாளமா வாசல்ல செருப்பு கிடக்கும். பழம் மட்டும் அந்தத் தோப்புல இருந்துதான் வருது. அதைக் குடுக்க பெரியாத்தா ஒரு வார்த்தை தடை சொல்லல.

பால் காய்ச்சுன அன்னைக்கு பெரியாத்தா வந்தாக. வருவாகன்னு யாரும் நினைக்கல. ஸ்டீல் டேங்க் ஒவ்வொண்ணையும் சுத்திப் பார்த்தாக, காலையில முதல் பழம் போட்ட டேங்க் மூடியை மக திறந்து காட்டுனப்ப குனிஞ்சு மோந்து பார்த்தாக. "பழ வாசந்தான் வருது"ன்னாக. எம்பொண்டாட்டி தலையில கை வச்சு, "நல்லா இரு"ன்னாக. அப்புறம் ஒரு பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்தாக. நான் கேசரித் தட்டோட போய் நின்னேன். மூணு வருஷமா மனசுல கிடந்ததைக் கேட்டுட்டேன்.

"பெரியாத்தா, அன்னைக்கு நான் முதல்லயே ஒயின்னு சொல்லியிருந்தா போட்டிருப்பீகளா?"

கேசரியை வாங்கி மடியில வச்சுக்கிட்டாக. "அது எனக்குத் தெரியாதுடா. எம்மகன் எவ்வளவு ஊத்திக்கிட்டு வந்தாலும், குடிச்சிருக்கேன் ஆத்தான்னு சொல்லிட்டுத்தான் வாசப்படியே மிதிப்பான். நீ ஒரு சொட்டுக் குடிக்காம வந்து எங்கிட்டப் பொய் சொன்னவன்."